கமாய்ஷி: பத்து நிமிட நடைக்குள் இரண்டு ஒத்திகைகள்

2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கம், சுனாமி பற்றித் தேடிக்கொண்டிருந்தால் 'கமாய்ஷி அதிசயம்' என்ற கதை எப்படியும் கண்ணில் படும். ஜப்பானில் ஒரு சின்ன ஊர், அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய மூவாயிரம் பேர், கிட்டத்தட்ட எல்லாருமே சுனாமியிலிருந்து தப்பிவிட்டார்கள் என்ற கதை. படிக்க நன்றாக இருக்கும், நாலு பேருக்கு அனுப்பவும் தோதாக இருக்கும். ஆனால் அந்த ஊரே அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது. நகர நிர்வாகம் இப்போது 'கமாய்ஷியில் நடந்தது' என்று மட்டும்தான் எழுதுகிறது. ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் பிள்ளைகள் ஓடிய அந்த அரை மணி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் போதாது, ஊரை முழுசாகப் பார்க்க வேண்டும்.

வடகிழக்கு ஜப்பான், இவாத்தே மாகாணம், பசிபிக் கரை. இந்தக் கரைக்குச் சன்ரிக்கு என்று பெயர். மணல்வெளி, தென்னந்தோப்பு என்று நம் கண்ணுக்குப் பழகிய கடற்கரையை மறந்துவிடுங்கள். இங்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. விரித்த விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் மலைமுனைகள், விரல் இடுக்குகளில் குடாக்கள், ஒவ்வொரு குடாவின் உள்மூலையிலும் ஒட்டிக்கொண்டு ஒரு மீனவ ஊர். கமாய்ஷி நகர எல்லை சுமார் 440 சதுர கிலோமீட்டர், ஆனால் அதில் பெரும்பகுதி மலையும் காடும்தான். வீடு கட்டத் தட்டையான மண் கிடைப்பது ஆற்று முகத்தில், அதாவது அலை வந்தால் முதலில் நனைகிற இடத்தில். குடாவின் வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல் என்பதால் புனலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அலை ஒடுங்கி உயரும். குளிர்ந்த நீரோட்டமும் வெதுவெதுப்பான நீரோட்டமும் சந்திக்கும் கடல் என்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஆபத்து தெரிந்தும் யாரும் இடத்தைக் காலி செய்ததில்லை.

மீன் மட்டும் என்றால் சன்ரிக்குக் கரையில் இருக்கும் பல ஊர்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். இதை வேறாக்கியது இரும்பு. ஒஷிமா தகாதோ என்று ஒருவர், மொரியோகாவில் பிறந்தவர், நாகசாகியில் டச்சு நூல்களைப் படித்தவர். பீரங்கி வார்க்க நல்ல இரும்பு தேவைப்பட்ட காலம் அது. இரும்பு மணலை உருக்கியே பழகிய நாட்டில், பாறையாகக் கிடைக்கும் காந்தத் தாதுவை ஊதுலையில் உருக்க முடியும் என்று அவர் புத்தகத்தை வைத்தே முடிவு செய்தார். ஓர் ஊதுலையை நேரில் பார்த்தவர்கூட இல்லை! 1857 என்று வரலாறு குறிக்கும் ஆண்டில், பழைய நாட்காட்டிப்படி 12 ஆம் மாதம் 1 ஆம் நாள், கமாய்ஷியின் மலைப்பக்கம் ஒஹாஷி என்ற இடத்தில் உருகிய இரும்பு வழிந்தது. அதை வைத்துத்தான் டிசம்பர் 1 இன்றும் ஜப்பானில் இரும்பு நாள். பக்கத்தில் ஹஷினோவில் எழுந்த உலைகளின் கல் அடித்தளங்கள் காட்டுக்குள் அப்படியே நிற்கின்றன, 2015 இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. அரசாங்கம் 1880 இல் பெரிய ஆலை ஒன்று தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு மூடியது. தனக்கா சொபெய் என்ற வணிகர் அதை எடுத்து நடத்தி, 1886 இல், 49 ஆவது முயற்சியில் இரும்பு எடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். நாற்பத்தெட்டு தடவை தோற்றதை எண்ணி வைத்துக்கொண்ட ஊர்.

இதற்கு நடுவில்தான் 1896 ஜூன் 15. ஆண்பிள்ளைகள் திருநாள் கொண்டாடிய இரவு. நில அதிர்வு பலமாக இல்லை, மெதுவாக ஆடியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த சுனாமியில் அந்தக் கரை நெடுக சுமார் 22 ஆயிரம் பேர் இறந்தார்கள், கமாய்ஷியில் ஊரில் பாதிக்கு மேல் போயிற்று. 1933 மார்ச் 3 இல் இன்னொன்று. 1945 ஜூலை 14 இல் கடலிலிருந்து வந்தது வேறு: ஜப்பானின் பெருநிலத்தின் மீது அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நடத்திய முதல் பீரங்கித் தாக்குதல், இரும்பாலையைக் குறிவைத்து. ஆகஸ்ட் 9 இல் மறுபடியும். இரண்டிலுமாக எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள், ஆலையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அதில் உண்டு.

போருக்குப் பிறகு ஆலை எழுந்தது, ஊரும் பெருத்தது. 1960 களின் தொடக்கத்தில் 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். இந்த ஊர் ராமென் நூடுல்ஸ் நூல் மாதிரி மெல்லியதாக இருப்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: ஆலைத் தொழிலாளி கடையில் காத்திருக்க மாட்டான், மெல்லிய நூடுல்ஸ் என்றால் சட்டென்று வெந்துவிடும். ஆலை அணி ரக்பியில் 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தேசிய வாகை சூடியது. 'வடக்கின் இரும்பு மனிதர்கள்' என்று பெயர். தோக்கியோ மைதானத்தில் இவர்கள் ஆடும்போது ஊர்க்காரர்கள் ஆட்டியது அணிக்கொடி இல்லை, 'தாய்ரியோபாத்தா'. மீன் நிறையக் கிடைத்தால் படகில் ஏற்றிக்கொண்டு கரை திரும்பும் அந்தப் பெரிய வண்ணக் கொடி. ஆலைக்காரன் விளையாட்டுக்கு மீன்காரன் கொடி. எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது இதுதான்.

வாகை போன வேகத்தில் ஆலையும் சுருங்கியது. 1989 இல் கடைசி ஊதுலை அணைந்தது. ஆலை முழுக்க மூடவில்லை, டயருக்குள் போகும் கம்பிக்கான இரும்பு இன்றும் அங்கே தயாராகிறது. தாது வெட்டிய சுரங்கத்திலிருந்து வரும் ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். 2010 இல் மக்கள்தொகை 40 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

சரி, சுவருக்கு வருவோம். குடாவின் வாயிலேயே ஒரு அலைத்தடுப்புச் சுவர் கட்டுவது என்று 1978 இல் தொடங்கி, 2009 இல் முடித்தார்கள். முப்பது ஆண்டு வேலை, 120 பில்லியன் யென் அளவுக்குச் செலவு. 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்த சுவர், உலகிலேயே மிக ஆழமான அலைத்தடுப்பு என்று 2010 இல் கின்னஸ் சான்றிதழும் வந்தது. வடக்குப் பக்கம் 990 மீட்டர், தெற்குப் பக்கம் 670, நடுவில் கப்பல் போக 300 மீட்டர் திறப்பு. கடலடியில் கல்லைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக உட்கார வைத்த அமைப்பு. சான்றிதழ் வந்த அடுத்த ஆண்டே, மார்ச் 11 சுனாமியில், பெரும்பகுதி சரிந்துவிட்டது. சுவரின் முன்னும் பின்னும் நீர்மட்டம் பல மீட்டர் வேறுபட்டு நின்றதும், பெட்டிகளின் இடுக்கு வழியே பாய்ந்த நீர் அடியிலிருந்த கல்மேட்டை அரித்ததும் காரணம். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, அது நியாயமில்லை. துறைமுக ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி, சுவர் இல்லாதிருந்தால் துறைமுகத்தில் 13.7 மீட்டர் வந்திருக்க வேண்டிய நீர் 8 மீட்டராகக் குறைந்தது. கரைச்சுவரை அலை தாண்டுவதும் ஆறு நிமிடம் தள்ளிப்போயிற்று. ஆறு நிமிடத்தில் ஒரு மனிதன் மலையேறிவிடலாம், ஓடத் தொடங்கியிருந்தால். சிக்கலும் அங்கேதான். அத்தனை பெரிய சுவர் கண்முன்னே நிற்கும்போது ஓட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு 14:46 க்கு நிலம் ஆடி, 14:49 க்கு வந்த முதல் எச்சரிக்கை இவாத்தேக்கு '3 மீட்டர்' என்றது. பிறகு அதை 6, பத்துக்கு மேல் என்று உயர்த்தினார்கள், ஆனால் அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. பலர் காதில் விழுந்தது அந்த முதல் எண் மட்டுமே.

இனி பள்ளிக்கூடம். குன்மா பல்கலைக்கழகத்தின் கதாதா தொஷிதாகா என்ற பேராசிரியர், 2004 க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த ஊர்ப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். (நம் வீடுகளுக்குச் 'சுனாமி' என்ற சொல்லே வந்து சேர்ந்த ஆண்டு அது.) தொடக்கத்தில் பெரியவர்களுக்குக் கூட்டம் போட்டுப் பார்த்தார், ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். அதனால் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 'நீ தனியாக வீட்டில் இருக்கிறாய், நிலம் ஆடுகிறது, என்ன செய்வாய்?' என்று எழுதச் சொன்னால், அம்மாவுக்குப் போன் போடுவேன், அம்மா வரும்வரை இருப்பேன் என்று எழுதினார்கள். அந்தத் தாளை அப்படியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இந்தப் பதிலை வைத்து உங்கள் பிள்ளை பிழைக்குமா என்று பெற்றோரைக் கேட்டார். இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வித்தாளை நான் கேள்விப்பட்டதில்லை.

சன்ரிக்குக் கரையில் 'தெந்தென்கோ' என்று ஒரு வட்டாரச் சொல் உண்டு. அவரவர் தனித்தனியாக என்று பொருள். சுனாமி என்றால் யாரையும் தேடாதே, அவரவர் மேட்டுக்கு ஓடு. மேலோட்டமாகக் கேட்டால் சுயநலம் மாதிரி இருக்கும். ஆனால் இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம்: பிள்ளை எப்படியும் ஓடியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்தால்தான் அம்மா பள்ளியைத் தேடிக் கீழே வராமல் மேலே ஓடுவாள். கதாதா இதோடு மூன்று விதி சேர்த்தார். வரைபடத்தை நம்பாதே. அந்த நேரத்தில் முடிந்த அளவு முழுமூச்சாகச் செய். முதலில் ஓடுகிற ஆளாக நீ இரு, உன்னைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். கணக்குப் பாடத்திலேயே சுனாமியின் வேகம் வந்தது. உனொசுமாய் பகுதியில் இருக்கும் கிழக்கு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாக அட்டைகள் கொடுத்தார்கள்: 'நாங்கள் ஓடிவிட்டோம்' என்று கதவில் மாட்டிவிட்டுப் போக. தேடி வருபவர் உள்ளே போய்க் கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் அல்லவா.

அந்த உனொசுமாயில், கடலுக்கு அருகே, நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. அபாய வரைபடத்தில் இரண்டுமே அலை எட்டாத இடம். நிலம் ஆடி முடிவதற்குள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியில் முதலில் மூன்றாம் மாடிக்குத்தான் ஏற்றினார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது விதி அதே நொடியில் வேலை செய்தது. எழுநூறு எண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லம், முன்பே குறித்து வைத்த இடம். அங்கே போய் வரிசையில் நின்றால், பின்னாலிருந்த பாறைச்சரிவு உதிர்வதை உள்ளூர் அம்மா ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னும் மேலே போவோம் என்று கிளம்பினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், குழந்தைகள் காப்பகத்தின் தள்ளுவண்டிகளும் கூடவே உருண்டன. அடுத்த மேட்டிலும் நிற்கவில்லை, அதற்கும் மேலே மலைப்பாதை வரை ஏறினார்கள். முதலில் நின்ற முதியோர் இல்லத்தை அலை அடித்தது. 'அலை எட்டாத' தொடக்கப் பள்ளியின் மூன்றாம் மாடியில் ஒரு கார் செருகிக்கொண்டு நின்றது. ஏறிய பிள்ளைகள் சுமார் 570 பேர், எல்லாரும் பிழைத்தார்கள்.

நகரின் இன்னொரு பக்கம் கமாய்ஷி தொடக்கப் பள்ளியில் அன்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். 184 பிள்ளைகள், பலர் ஆசிரியர் கண்ணில் இல்லை. வீட்டில், தெருவில், துறைமுகத்துப் பக்கம். அவர்களும் அத்தனை பேரும் பிழைத்தார்கள், சிலர் வரமாட்டேன் என்ற தாத்தா பாட்டியை அழுது அடம்பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். உனொசுமாயைவிட இதுதான் பெரிய செய்தி என்பேன், ஏனென்றால் இங்கே 'ஓடு' என்று சொல்ல ஆளே இல்லை.

இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்கிறார்கள். இனி மிச்சம்.

பள்ளிகளிலிருந்து பத்து நிமிட நடையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், உனொசுமாய் பேரிடர் தடுப்பு மையம் என்ற புதிய இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2010 பிப்ரவரியில் திறந்தது. பேரிலேயே பேரிடர் தடுப்பு என்று இருக்கிறது. ஆனால் சுனாமியின்போது ஓடி ஏற வேண்டிய இடமாக அது குறிக்கப்படவில்லை. ஆபத்து கடந்தபின் சில நாள் தங்கும் இடம் அது. அந்த வேறுபாடு அதிகாரிகளின் கோப்பில் இருந்தது, தெருவில் இல்லை. உண்மையில் ஏற வேண்டிய இடங்கள் கோயில் மேடு மாதிரி உயரத்தில் இருந்தன, வயதானவர்களுக்கு ஏறக் கஷ்டம், ஒத்திகைக்கு ஆள் வருவதில்லை. அதனால் சுனாமி ஒத்திகையை இந்த மையத்திலேயே வைத்துக்கொள்கிறோம் என்று ஊர்க்காரர்கள் கேட்க, நிர்வாகமும் சரி என்றது. ஆள் நிறைய வந்தார்கள். 2011 மார்ச் 3 அன்று, 1933 சுனாமி நினைவு நாளில், நூறு பேர் வந்து ஒத்திகை பார்த்தார்கள்.

எட்டு நாள் கழித்து, ஒத்திகை பார்த்தபடியே வந்தார்கள். நீர் இரண்டாம் மாடிக் கூரையை எட்டியது. அங்கே இறந்தவர்கள் 160 பேருக்கு மேல் என்பது பின்னர் நடந்த ஆய்வின் மதிப்பீடு. பிழைத்தவர்கள் சில பத்துப் பேர்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அங்கே இறந்தவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. 'வீட்டை விட்டு வரமாட்டேன்' என்று உட்கார்ந்தவர்கள் இல்லை. எச்சரிக்கையை மதித்து, சொன்ன நேரத்தில், பழகிய இடத்துக்கு வந்தவர்கள். ஒத்திகைக்கு ஒழுங்காக வந்த கூட்டம் அது. பள்ளிப் பிள்ளைகள் செய்ததும் அதையேதான், பழகியதைச் செய்தார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்டது 'போதாது, இன்னும் மேலே' என்பது. பெரியவர்களுக்குப் பழக்கப்பட்டது ஒரு முகவரி. உடல் எதைப் பழகுகிறதோ அதையே பதற்றத்தில் செய்யும் என்பதை இதற்கு மேல் நிரூபிக்க ஆய்வகம் வேண்டாம், இரண்டு முடிவும் ஒரே ஊரில் ஒரே அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. வருகைப் பதிவேட்டை நிரப்ப ஒத்திகையை வசதியான இடத்துக்கு மாற்றுவது உலகம் முழுக்க நடக்கிற காரியம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

2014 இல் வந்த ஆய்வு அறிக்கை, மையத்தின் பயன் என்ன என்பதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லாத நிர்வாகத்தின் பொறுப்பைச் சுட்டியது. கட்டடத்தை நினைவாக வைப்பதா வேண்டாமா என்று உறவை இழந்தவர்களிடையே இரண்டு கருத்து இருந்தது, கடைசியில் இடித்துவிட்டார்கள். ஊர் முழுக்க இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளிலும் ஐந்து பேர் போனார்கள், அன்று பள்ளிப் பொறுப்பில் இல்லாதவர்கள். உனொசுமாய் தொடக்கப் பள்ளியிலேயே தங்கிவிட்ட அலுவலக ஊழியர் ஒருவர் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கிய பிள்ளைகள் பலருக்கு வீடு இல்லை, சிலருக்கு அப்பாவோ அம்மாவோ இல்லை. அவர்களைப் பார்த்து 'நீங்கள் ஓர் அதிசயம்' என்றால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? அதுதான் அந்தச் சொல் போன காரணம். பழகியதைச் செய்தோம், அதில் அதிசயம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுமே கேட்டார்கள்.

மையம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பூங்கா, இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவர். பக்கத்தில் 2019 இல் திறந்த நினைவு அரங்கு. அன்று ஓடிய மாணவி ஒருவரே அங்கே வழிகாட்டியாக வேலை பார்த்தார். கல்லில் ஊரின் சாசனம் நான்கு வரி: தயாராக இரு, ஓடு, திரும்பிப் போகாதே, சொல்லிக்கொடு. மூன்றாவது வரி தனியாக எதற்கு என்றால், தப்பியபின் எதையோ எடுக்க, யாரையோ பார்க்க இறங்கிப்போய் மாண்டவர்கள் உண்டு.

பள்ளிகளை மலையை வெட்டி உயரத்தில் கட்டினார்கள். பழைய பள்ளி மண்ணில் ரக்பி மைதானம் எழுந்தது, 2018 இல் திறந்தார்கள், இருக்கைகளில் ஒரு பகுதி 2017 காட்டுத் தீயில் கருகிய உள்ளூர் மரம். 2011 இல் ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் ஸ்காட் ஃபார்டி, நாடு திரும்ப வழி இருந்தும் தங்கி நிவாரணப் பொருள் சுமந்தவர், பிறகு தன் நாட்டுக்காக 2015 உலகக் கோப்பை ஆடியவர். இந்த மைதானத்துக்கும் உலகக் கோப்பை வந்தது. 2019 செப்டம்பர் 25, பிஜியை உருகுவே 30–27 என்று கவிழ்த்தது. 32 ஆயிரம் பேர் ஊரில் 14 ஆயிரம் பார்வையாளர்கள், மறுபடியும் மீன்கொடிகள். அடுத்த ஆட்டம் நமீபியா–கனடா, அக்டோபர் 13. ஹகிபிஸ் புயலால் நடக்கவில்லை. கனடா வீரர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவில் சேறு வாரினார்கள்.

உடைந்த அலைத்தடுப்புச் சுவரையும் திரும்பக் கட்டி 2018 இல் முடித்துவிட்டார்கள். இந்தக் காசுக்கு வேறு செய்திருக்கலாமே என்ற பேச்சு அங்கேயே உண்டு, ஆட்கள் குறைந்துகொண்டே போகும் ஊரில் அந்தக் கேள்வியை ஒதுக்கவும் முடியாது.

பிப்ரவரித் தொடக்கத்தில், பனி கிடக்கும் நேரத்தில், ஊர் நடுவே ஒரு பந்தயம் நடக்கிறது. 2014 இல் தொடங்கியது. அலை வந்த தெருவில் வரிசையாக நின்று, சைகை கிடைத்ததும் மேட்டிலிருக்கும் சென்ஜுயின் கோயிலுக்கு ஓட வேண்டும். தூரம் வெறும் 286 மீட்டர், ஏற்றம் 26 மீட்டர், நடுவில் திருப்பம். ஆண்கள், பெண்கள் என்று பிரிவுகள் இருக்கின்றன, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் பிரிவும் இருக்கிறது. கடைசித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும் அப்பாவைப் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்.